நான்கு நாள் நற்சான்று!

நாவலூர்ச் சாலையில் நின்று ஒருமுறை நாற்புறமும் நோக்குங்கள், தோழர்களே! வானளாவும் மாளிகைகள், வெயிலில் மின்னும் கண்ணாடிச் சுவர்கள், இரவைப் பகலாக்கும் விளக்குகள். கணிப்பொறித் தொழிலின் தலைவாயில் என்று அதனைப் புகழ்கிறார்கள். புகழட்டும்! நம் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே உழைக்கிறார்கள். அந்த உழைப்பை நாம் பழிக்கவில்லை. ஆனால், அந்த மாளிகைகள் எதன்மேல் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

ஜல்லியின்மேல் நிற்கின்றன. எம்-சாண்ட் என்னும் கல்பொடியின்மேல் நிற்கின்றன. அந்த ஜல்லியும் பொடியும் ஒருநாள் குன்றாக நின்றவை. செங்கற்பட்டிலும் அதனையடுத்த மாவட்டங்களிலும் காலங்காலமாகக் காவல் இருந்தவை. வெடி வைத்தார்கள், பிளந்தார்கள், கிரஷரில் இட்டு அரைத்தார்கள், டிப்பர் லாரிகளில் ஏற்றினார்கள். குன்று இருந்த இடத்தில் இன்று குழி இருக்கிறது. குழியிலே நீர் நிற்கிறது. மழை பெருத்தால் அந்த நீர் வழிந்தோடுகிறது. மழை இல்லையேல் எஞ்சின் வைத்து இறைக்கிறார்கள். எவ்வழியாயினும் அது சேருமிடம் ஓடை. ஓடை சேருமிடம் ஏரி.

அந்த ஏரியின் அடிச்சேற்றிலே ஓர் உயிர் வாழ்கிறது. அதற்குக் காலிருந்தும் ஓடத் தெரியாது. வாயிருந்தும் பேசத் தெரியாது. சங்கத் தமிழ் இப்பி என்று பெயரிட்ட இனத்தைச் சேர்ந்தது. ஊரார் சிப்பி என்றும் மட்டி என்றும் அழைப்பது. அந்த ஏரிச்சிப்பியின் வழக்கைத்தான் இன்று உங்கள் முன் எடுத்து வைக்கிறோம்.

சிப்பிக்குச் சிந்தா?

சிரிப்பவர்கள் உண்டு. “நாட்டில் சோற்றுக்குத் திண்டாட்டம், வேலைக்குத் திண்டாட்டம், இவர்களோ சிப்பிக்குச் சிந்து பாடுகிறார்களே!” என்று கேலி பேசுவோர் உண்டு. அவர்களுக்கு முதலிலேயே விடை சொல்லிவிடுவோம்.

கோடையில் ஏரி வற்றும்போது சேற்றைத் துழாவி நண்டும் நத்தையும் மட்டியும் பொறுக்கும் கை யாருடைய கை? கண்ணாடி மாளிகையின் முதலாளி கையா? குவாரிக்கு உரிமம் எழுதிக் கொடுத்த அதிகாரியின் கையா? இருளர் குடியைச் சேர்ந்த ஏழைத் தாயின் கை அது. கூலிக்குக் கல் உடைத்தவன் கை அது. கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் இயற்றியது 1976ஆம் ஆண்டில். அதன் பிறகும் கல்குவாரிகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் அரிசி ஆலைகளிலிருந்தும் மீட்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் எந்தக் குடியினர் என்பதை இந்த வட்டாரத்து ஊழியர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கடையில் விற்கும் உணவை வாங்கக் காசில்லாதவன், காசின்றிக் கிடைக்கும் உணவை நாடுகிறான். அந்த உணவில் நஞ்சு கலந்தால் முதலில் உண்பவன் அவனே. சிப்பியின் வழக்கு சிப்பியோடு முடிவதில்லை என்று நாம் கூறுவதன் காரணம் இதுதான்.

இன்னொன்றும் கேளுங்கள். சிப்பி நீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் பாசியையும் துகளையும் வடிகட்டி உண்டு, மிஞ்சியதைத் தெளிந்த நீராக வெளியே விடுகிறது. நாள் முழுதும் இதே வேலை, ஊதியம் இல்லை, ஓய்வு இல்லை. ஊருக்கு நீர் சுத்திகரிக்கும் தொழிலாளி அது. நீரிலே கலந்த உலோகத்தைத் தன் உடலில் சேர்த்து வைப்பதும் அதுவே. இன்று ஒரு குடுவை நீரை மொண்டு சோதித்தால் இன்றைய நிலை மட்டும் தெரியும். சிப்பியின் உடலைச் சோதித்தாலோ பல ஆண்டுக் கணக்கும் வெளிப்படும். அதனால்தான் குடுவையைக் காட்டுவதற்கு விரும்புகிறவர்கள் சிப்பியைக் காட்டுவதற்குக் கூசுகிறார்கள்!

தொண்ணூற்றாறு மணி நேரம்

கழிவுநீர் தீங்கற்றது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளில் ஆறாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். உயிர்ச் சோதனை என்ற தலைப்பில் ஒரே ஒரு வரி இருக்கிறது. கழிவுநீரில் மீனை விட வேண்டும். 96 மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடிருந்தால் போதும். தேர்ச்சி! நற்சான்று!

நான்கே நாட்கள், தோழர்களே! நான்கு நாளில் சாகாதது நாற்பது நாளிலும் சாகாது என்று யார் உறுதி கூறினார்? நான்கு நாள் பட்டினி கிடந்தும் உயிர் போகவில்லை. ஆகவே பட்டினி உடலுக்குக் கேடற்றது என்று ஒரு முதலாளி வாதிட்டால் ஏற்போமா? ஒருநாள் மீன் நீந்தியது என்பதற்காக ஓராண்டு முழுதும் கழிவைக் கொட்ட உரிமை கொடுப்பதற்கும் அந்த வாதத்துக்கும் என்ன வேற்றுமை?

“சரி, மீனுக்குப் பதில் சிப்பியையே நான்கு நாள் போட்டுப் பார்க்கிறோம், அமைதி அடையுங்கள்” என்று சிலர் சமாதானம் கூற வரலாம். அங்கேதான் இன்னொரு சூழ்ச்சிக்கு இடம் இருக்கிறது. நஞ்சு வருவதை உணர்ந்தால் வளர்ந்த சிப்பி என்ன செய்யும் தெரியுமா? இரு ஓட்டையும் இறுக மூடிக்கொள்ளும். உண்ணாது, உறிஞ்சாது, உள்ளிருக்கும் இருப்பைக் கொண்டு நாட்களைக் கடத்தும். நான்காம் நாள் அதிகாரி வருவார். “சிப்பி சாகவில்லை, நீர் நல்ல நீர்” என்று எழுதுவார். வாயை மூடிக்கொண்டு உயிர் பிழைத்ததை வாழ்வு என்று கணக்கெழுதுவார்! ஆலை வாயிலில் வாய்மூடி நிற்கும் தொழிலாளியைக் காட்டி “இங்கே குறையே இல்லை” என்று கூறும் மேலாளருக்கும் அவருக்கும் ஏதேனும் வேறுபாடு உண்டா?

சிப்பியின் இந்தப் பழக்கத்தை வேறு நாட்டார் வேறு விதமாகப் பயன்படுத்துகிறார்கள். போலந்து நாட்டின் தலைநகர் வார்சா, விஸ்துலா ஆற்றிலிருந்து குடிநீர் எடுக்கிறது. அங்கே எட்டுச் சிப்பிகளை நீர்வழியில் வைத்து, ஒவ்வொன்றின் ஓட்டிலும் உணர்கருவி பொருத்தியிருக்கிறார்கள். சிப்பிகள் ஒருசேர வாயை மூடினால் அபாய அறிவிப்பு எழுகிறது. அங்கே மூடிய வாய் ஓர் எச்சரிக்கை. இங்கே மூடிய வாய் ஒரு நற்சான்று!

உண்மையான சோதனை வேண்டுமானால் சிப்பியின் இளமைப் பருவத்தில் செய்ய வேண்டும். நன்னீர்ச் சிப்பியின் பிறப்பே வியப்பானது. தாய்ச்சிப்பி வெளிவிடும் நுண்ணிய இளவுரு, நீந்தி வரும் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொள்கிறது. சில காலம் அங்கே தங்கி, உருமாறி, பின்னர் உதிர்ந்து சேற்றில் இறங்கிச் சிப்பியாகிறது. மீன் இல்லையேல் சிப்பி இல்லை. சேற்றில் இறங்கிய குஞ்சோ நஞ்சுக்கு ஈடுகொடுக்க வலுவற்றது. ஆகவே ஓர் ஏரியில் பெரிய சிப்பிகள் கிடக்கின்றன என்பது மட்டும் நற்செய்தியாகாது. குஞ்சுகள் இருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். முதியோர் மட்டும் வாழ்ந்து பிள்ளைகளே பிறக்காத ஊரை வாழும் ஊர் என்று யாரும் சொல்லமாட்டோம்.

வெடிமருந்தின் மிச்சம்

கல்குவாரியிலே நஞ்சு ஏது, கல்லும் நீரும்தானே என்று கேட்பார்கள். அந்தக் கல்லைப் பிளந்தது எது? வெடி. வெடியின் அடிப்படைப் பொருள் எது? அம்மோனியம் நைட்ரேட். 2020 ஆகஸ்டு 4ஆம் நாள் பெய்ரூத் துறைமுகத்தைச் சின்னாபின்னமாக்கிய 2,750 டன் பொருள் இதுதான் என்று நினைவூட்டினால் பலருக்கும் விளங்கும். குவாரியில் இட்ட மருந்து முழுதும் வெடித்துத் தீர்வதில்லை. சிந்தியதும், ஈரம் பட்டு வெடிக்காமல் மிஞ்சியதும் நீரில் கரைகின்றன. கரைந்தால் அம்மோனியா, கூடவே நைட்ரேட்.

அம்மோனியாவுக்கும் சிப்பிக்கும் உள்ள பகையை அறிவியல் உலகம் அண்மைக் காலத்தில்தான் சரிவர அளந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999ஆம் ஆண்டில் நன்னீருக்கு ஓர் அளவு விதித்திருந்தது. பி.எச். 7, வெப்பம் 20 பாகை உள்ள நீரில், நீண்ட காலத்துக்கு லிட்டருக்கு 4.5 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் வரை தாங்கும் என்றது. பின்னர் நன்னீர்ச் சிப்பிக் குஞ்சுகளை வைத்துச் செய்த சோதனைகளின் முடிவுகள் வந்து சேர்ந்தன. 2013ஆம் ஆண்டில் அதே நீருக்கு அந்த அளவை 1.9 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். பாதிக்கும் கீழே! ஒரு வல்லரசின் சட்டப் புத்தகத்தையே சேற்றில் கிடந்த சிப்பிக் குஞ்சு திருத்தி எழுத வைத்தது.

நம் நாட்டில் நிலை என்ன? மேலே சொன்ன அதே ஆறாம் அட்டவணை, ஆறு ஏரிகளில் விடும் கழிவுநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு இடம் கொடுக்கிறது. நேர்மையோடு ஒன்றைச் சொல்லிவிடுவோம்: 50 என்பது குழாய் வாயிலில் அளப்பது, 1.9 என்பது ஆற்றின் நடுவே அளப்பது. இரண்டையும் அப்படியே ஒப்பிடலாகாது. பெருவெள்ளத்தில் கலந்தால் 50 தேய்ந்து இரண்டாகவும் கூடும். ஆனால் எங்கே இருக்கிறது அந்தப் பெருவெள்ளம்? பாலாற்றைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்! பங்குனி, சித்திரை மாதங்களில் செங்கற்பட்டு மாவட்டத்து ஓடைகளைக் கண்டவர்கள் சொல்லுங்கள்! ஓடையிலே ஓடுவதே குழாய் நீர்தான் என்னும்போது, கலந்து தேய்வது எங்கே?

வெப்பமும் நமக்கு எதிராக நிற்கிறது. நீரில் உள்ள அம்மோனியாவில் ஒரு பகுதியே கொடிய வடிவம் கொண்டது. பி.எச். 8 உள்ள நீரில், 20 பாகை வெப்பத்தில் அந்தப் பகுதி நூற்றுக்கு ஏறத்தாழ 4. 30 பாகையிலோ ஏறத்தாழ ஏழரை. குளிர்நாட்டு ஏரியில் ஒரு பங்கு கொல்லும் நஞ்சு, நம் ஏரியில் இரு பங்காகிறது. குளிர்நாட்டுக் கணக்கை அப்படியே பெயர்த்தெழுதி இங்கே சட்டமாக்குகிறவர்கள், தமிழ்நாட்டு வெயிலை ஒருநாளும் உணராதவர்களா?

மகேலா ஓடை சொல்லும் பாடம்

வெப்பநாட்டுச் சிப்பியைச் சுரங்க நீருக்குச் சோதித்தவர்களே இல்லையா? இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், கக்காடு தேசியப் பூங்காவால் சூழப்பட்ட இடத்தில் ரேஞ்சர் என்ற யுரேனியச் சுரங்கம் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் தொடங்கி, 2021 ஜனவரி 8 வரை அங்கே யுரேனியம் பிரித்தெடுத்தார்கள். அதன் அருகே மகேலா என்னும் ஓடை ஓடுகிறது. ஓடையின் கீழ்ப்புறத்தில் முட்ஜின்பெரி என்ற நீர்நிலை. அதன் சேற்றிலே வெலெசூனியோ அங்காசி என்று அறிஞர்கள் பெயரிட்ட நன்னீர்ச் சிப்பி. அதனைப் பொறுக்கி உண்பவர்கள் அந்த மண்ணின் பழங்குடிகளான மிர்ரார் மக்கள்.

அந்த மக்கள் சுரங்கம் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு நில உரிமை வழங்கிய 1976ஆம் ஆண்டுச் சட்டமே, பிற இடங்களில் மறுப்பாணை செலுத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டு, ரேஞ்சருக்கு மட்டும் அந்த உரிமையைப் பறித்தது. நிலம் உனது, “முடியாது” என்று சொல்லும் உரிமை மட்டும் உனதன்று! ஆதிக்கம் எந்தக் கண்டத்திலும் ஒரே மொழிதான் பேசுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் போராட்டமும் பொது விசாரணையும் ஒன்றை வென்றெடுத்தன. 1978ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றி, மேற்பார்வை அறிவியலாளர் என்ற பதவியை நடுவணரசு நிறுவியது. சுரங்க நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் அவர் இல்லை. அவருடைய ஆய்வாளர்கள் முட்ஜின்பெரியின் சிப்பிகளை எடுத்துச் சோதித்தார்கள். சுரங்க நீர் எட்டாத மற்றொரு நீர்நிலையின் சிப்பிகளையும் எடுத்து ஒப்பிட்டார்கள். ரேடியம்-226 என்னும் கதிர்வீச்சுப் பொருள், சுண்ணச்சத்தைப் போலவே சிப்பியின் உடலில் ஏறி அங்கேயே தங்கிவிடுகிறது என்று கண்டார்கள். அந்தப் பொருள் பாதியாகத் தேய்வதற்கு 1,600 ஆண்டுகள் ஆகும்.

ஆய்வின் முடிவு என்ன? சிப்பிகளில் சேர்ந்த ரேடியத்தின் பெரும்பகுதி அந்த மண்ணிலேயே இயற்கையாக இருந்தது. நீரில் சுண்ணச்சத்து மிகக் குறைவாக இருந்ததால் சிப்பி அதனை மிகுதியாக ஏற்றுக்கொண்டது என்று கண்டார்கள். சுரங்கத்தின்மேல் இந்தக் குற்றத்தை அவர்கள் சுமத்தவில்லை. இதனை நாம் மறைக்கப் போவதில்லை. ஏன் தெரியுமா? சோதனை என்பது குற்றவாளியைக் காட்டும் விளக்கு; குற்றமற்றவனை விடுவிக்கும் விளக்கும் அதுவே. பிழை செய்யாத முதலாளி அந்த விளக்கைக் கண்டு அஞ்சுவானேன்? விளக்கை ஏற்றாதே என்று கூச்சலிடுகிறவன், இருட்டில் ஏதோ வைத்திருக்கிறான் என்றுதானே பொருள்!

ரேஞ்சரைச் சொர்க்கம் என்றும் நாம் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டில் சுரங்கத்தின் கழிவுநீர் குடிநீர்க் குழாயில் கலந்து, தொழிலாளர்கள் அதனைக் குடித்தார்கள், அதில் குளித்தார்கள். வழக்குத் தொடர்ந்தார்கள், நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 1,50,000 டாலர் தண்டம் கட்டியது. 2013 டிசம்பரில் அமிலக் கலவை நிரம்பிய பெருந்தொட்டி உடைந்தது. ஓடையின் சிப்பிக்குக் காவலர் இருந்த இடத்திலேயே இத்தனை நேர்ந்தது என்றால், காவலரே இல்லாத இடத்தின் கதி என்ன?

அளவுகோல் இரவல் கிடைக்காது

மகேலா ஓடை இன்னொரு பாடமும் சொல்கிறது. ரேஞ்சரின் நீரில் ஆய்வாளர்களுக்குப் பெருங்கவலை தந்தது யுரேனியம் மட்டுமன்று, மக்னீசியம்! பாறையிலிருந்து கரைந்து வரும் சாதாரணப் பொருள். நம் நாட்டுக் குடிநீர்த் தர அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம் மக்னீசியத்தை ஏற்கிறது; வேறு வழியில்லையேல் 100 வரை ஒப்புகிறது. ஆனால் மகேலாவின் மிக மென்மையான நீரில் வாழும் உயிர்களைக் காக்க, ஏறத்தாழ 3 மில்லிகிராமுக்கு மேல் போகலாகாது என்று அங்கே முடிவு செய்தார்கள். மனிதன் அச்சமின்றிக் குடிக்கும் நீர், அங்கே வாழும் உயிருக்குக் கேடு!

இதன் பொருள் என்ன? குடிநீர்ச் சோதனையில் தேறிவிட்டது, ஆகவே ஏரிக்கும் தீங்கில்லை என்னும் வாதம் பொய்த்துப்போகிறது. அந்நாட்டு அளவை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டுவதும் பொய்த்துப்போகிறது. நம் ஏரி நீர் மகேலா நீரன்று. சுண்ணமும் உப்பும் மிகுந்தது. நம் நீருக்கு நம் அளவு வேண்டும். நம் அளவைக் காண நம் சிப்பியைச் சோதிக்க வேண்டும்.

சோதிக்க இயலாதா? இந்திய விலங்கியல் மதிப்பாய்வகம் 1989ஆம் ஆண்டிலேயே என். வி. சுப்பா ராவ் எழுதிய இந்திய நன்னீர் மெல்லுடலிகள் கையேட்டை வெளியிட்டது. லாமெல்லிடென்ஸ் என்ற பேரினத்துச் சிப்பிகள் நம் ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் பரவலாக வாழ்பவை. அந்தச் சிப்பியைத் தொட்டியில் வளர்த்து, அதன் வயிற்றில் முத்து விளைவிக்கும் கலையைப் புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறது. முத்துக்காகச் சிப்பியை வளர்க்கத் தெரிந்த அரசுக்கு, மக்களுக்காகச் சிப்பியை வளர்க்கத் தெரியாதா? நாவலூருக்கு அருகிலுள்ள முட்டுக்காட்டில் உவர்நீர் மீன்வளர்ப்புக்கென ஆய்வுக்களம் இயங்குகிறது. நன்னீருக்கும் அத்தகைய களம் ஒன்று அமைக்கக் கையில் காசு இல்லையா, மனத்தில் கருணை இல்லையா?

நகரம் தாகமெடுத்தபோது சோதனை நடந்ததே! சிக்கராயபுரத்தின் கைவிடப்பட்ட கல்குவாரிகளில் நின்ற நீரை 2017ஆம் ஆண்டில் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். 2019ஆம் ஆண்டுக் கடும் வறட்சியிலும் கொண்டுவந்தார்கள். சோதித்தார்கள், செம்பரம்பாக்கத்தில் சுத்திகரித்தார்கள், பிறகே குழாயில் விட்டார்கள். நல்லது, அப்படித்தான் செய்யவேண்டும். நாம் கேட்பது இதுதான்: நகரத்தான் குடிக்கும்போது விழித்துக்கொள்ளும் அறிவியல், சிற்றூர் ஏரியில் குவாரி நீர் இறங்கும்போது உறங்குவது ஏன்?

கல்பாக்கத்து விளக்கும் ஜாதுகுடாச் சேறும்

மாமல்லபுரத்துக் கடற்கரைக்குத் தெற்கே கல்பாக்கம். 1983ஆம் ஆண்டில் அங்கே முதல் அணுமின் உலை இயங்கத் தொடங்கியது. அதற்கு வேண்டிய யுரேனியம் நம் மண்ணில் விளைந்ததன்று. இந்நாட்டின் முதல் யுரேனியச் சுரங்கம், இன்றைய ஜார்க்கண்டு மாநிலத்து ஜாதுகுடா. 1960களின் பிற்பகுதி முதல் சந்தால், ஹோ பழங்குடியினரின் நிலத்தைத் தோண்டி எடுத்தது அது. எடுத்த உலோகம் உலைக்குப் போயிற்று. மிஞ்சிய சேறு அவர்கள் வாசலிலேயே தங்கிற்று. 2006 டிசம்பரில் அந்தச் சேற்றைக் கொண்டுசெல்லும் குழாய் வெடித்து, நஞ்சு ஓடையில் கலந்தது. வெளிச்சம் ஒரு கரையில். சேறு வேறொரு கரையில்! விளக்கின்கீழ் அமர்ந்து படிக்கும் நமக்கு, அந்த ஓடையின் சிப்பி என்ன ஆயிற்று என்று கேட்கும் கடமை இல்லையா?

கேட்கும் உரிமையையே பறிக்கும் வேலை நடக்கிறது, தோழர்களே! 2025 செப்டம்பர் 8ஆம் நாள் ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு குறிப்பாணை பிறப்பித்தது. அணுக் கனிமங்களையும் முக்கியக் கனிமங்களையும் தோண்டும் திட்டங்களுக்கு, மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லை என்று அது விலக்கு அளித்தது. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 எக்டேரில் கடற்கரைக் கனிம மணலைத் தோண்டும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராடியதை நாடறியும். அத்தகைய மக்களிடம் கருத்தே கேட்க வேண்டாம் என்பதுதான் அந்த ஆணையின் சாரம். சிப்பி தானாக வாயை மூடுகிறது; மனிதர்களின் வாயை ஆணையிட்டு மூடுகிறார்கள்!

சட்டத்தின் பல்லும் பிடுங்கப்பட்டுவிட்டது. 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையை 2023ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவாகப் பணத் தண்டமாக மாற்றியது: பத்தாயிரம் ரூபாய் முதல் பதினைந்து இலட்சம் வரை. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்துக்கும் 2024ஆம் ஆண்டில் அதே வைத்தியம் செய்தார்கள். கோடிகளில் புரளும் சுரங்க அதிபதிக்குப் பதினைந்து இலட்சம் ஒரு தண்டனையா? அது நஞ்சு கலக்கும் உரிமத்துக்குக் கட்டும் கட்டணம்!

“கல் வேண்டாமா? வீடு வேண்டாமா? வேலை வேண்டாமா?” என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். கல் வேண்டும், வீடு வேண்டும், வேலையும் வேண்டும். குவாரித் தொழிலாளியின் அடுப்பை அணைக்க வந்தவர்கள் அல்லர் நாம். நீரைச் சோதித்து, வடித்து, கேடு நீக்கி வெளியே விட்டால் எந்தக் கல்லும் உடையாமல் போய்விடாது; முதலாளியின் ஆதாயத்தில் ஒரு பங்கு குறையும், அவ்வளவே! அந்தப் பங்கைத் தம் பையில் வைத்துக்கொண்டு, அதன் விலையை ஏரியின் தலையிலும் ஏழையின் வயிற்றிலும் சுமத்துகிறார்கள். நாம் எதிர்ப்பது அந்தச் சுமையை.

நாம் கேட்பது

ஒன்று: நான்கு நாள் மீன் சோதனையோடு முடியும் விதியைத் திருத்த வேண்டும். நம் நாட்டு நன்னீர்ச் சிப்பியின் இளவுருவையும் குஞ்சையும் வைத்து, நம் வெப்பத்தில், நம் ஏரி நீரில், வாரக்கணக்கில் நடத்தும் சோதனையைச் சட்டமாக்க வேண்டும்.

இரண்டு: ஐந்து எக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் ஒப்புதல் தேவை என்று உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் தீபக் குமார் வழக்கில் ஆணையிட்டது. அந்த ஒப்புதலுக்கான அறிக்கை ஒவ்வொன்றிலும், கீழ்ப்புறத்து ஏரியில் எந்தெந்தச் சிப்பி வாழ்கிறது, குஞ்சு இருக்கிறதா, அதன் உடலில் என்ன உலோகம் சேர்ந்திருக்கிறது என்ற கணக்கு இடம்பெற வேண்டும்.

மூன்று: குவாரி நீரில் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் அளந்து, அந்த அளவை ஊராட்சி மன்றத்தின் பலகையில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அளப்பவர் குவாரி உடைமையாளரிடம் கூலி பெறுபவராக இருக்கலாகாது.

நான்கு: மக்கள் கருத்துக் கேட்பை ஒழித்த ஆணையைத் திரும்பப் பெற வேண்டும்.

இவற்றை ஆட்சியாளரிடம் கேட்போம், மன்றங்களில் கேட்போம், தேர்தல் மேடைகளில் கேட்போம். ஆனால் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடுமா? கையில் சான்றில்லாமல் வழக்காடுகிறவன் தோற்பான். சான்று திரட்டும் வேலை கிளைக்கழகங்களின் வேலை. அதற்குப் பெரும் பட்டமும் பெரும் பணமும் வேண்டியதில்லை.

வரும் கோடையில் உங்கள் ஊர் ஏரி வற்றத் தொடங்கும். கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள், சேற்றில் இறங்குங்கள். சிப்பி பொறுக்கும் தாய்மாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அந்தச் சேற்றை உங்களைவிட அவர்கள் நன்கறிவார்கள். கிடைக்கும் சிப்பிகளைப் பெரியது, சிறியது என்று பிரித்து எண்ணுங்கள். எண்ணியபின் சேற்றிலேயே விட்டுவிடுங்கள். வெறும் ஓடுகள் மட்டும் கிடைத்தால் அதையும் எழுதுங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லையென்றால், எந்த ஆண்டுவரை கிடைத்தது என்றும், எந்த ஆண்டில் மேற்கே வெடிச் சத்தம் கேட்கத் தொடங்கியது என்றும் ஊர் முதியோரைக் கேட்டு எழுதுங்கள். நாளும் இடமும் குறித்த அந்தக் குறிப்பேடு ஒவ்வொரு கிளையிலும் இருக்கட்டும். நான்கு நாள் நற்சான்றை நீட்டுகிறவர்கள் முன், நாற்பதாண்டுச் சான்றை அன்று நாம் விரித்து வைப்போம்.